ராயல்டி பேசும் முன் பேட்டன்ட் எண்ணைக் கேளுங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் டீக்கடைக்கோ சாக்லேட் கடைக்கோ ஃபிரான்சைஸ் எடுக்கிறீர்களா? “எங்க மெஷினுக்கு பேட்டன்ட் இருக்கு” என்று ஃபிரான்சைஸ் தரும் கம்பெனி ராயல்டி (அதைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) கேட்டால், பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) எண்ணை வாங்கி இந்தியக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் தேடுங்கள், காசு கிடையாது. விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருஷம்தான் ஆயுள், புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே போய்விடும். வெளிநாட்டு பேட்டன்ட் மட்டும் இருந்தால் இங்கே செல்லாது.

கையெழுத்துப் போட்டவர்களும் கவனியுங்கள், இது முக்கியம்: ஒப்பந்தத்துக்கு அடிப்படையான பேட்டன்ட் எல்லாம் காலாவதியானால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், காப்புரிமைச் சட்டம் 141-ஆம் பிரிவின்படி 3 மாத எழுத்து நோட்டீஸ் கொடுத்து அந்த பேட்டன்ட்டைப் பயன்படுத்தும் லைசென்ஸை முடிக்கலாம்.

கடைப் பெயர், லோகோ, ரகசிய ரெசிபிக்கு வாங்கும் கட்டணத்துக்கு இது பொருந்தாது.