‘கமிட்மென்ட் முடியட்டும்’ என்பவர்கள் செய்யும் தவறுகள்

‘கமிட்மென்ட் முடியட்டும், அப்புறம் விடுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு, சம்பள வேலையை விட்டுப் பிடித்த வேலைக்குப் போக நினைப்பவர்களின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால், புதிதாக வருகிறவரும் பழைய ஆள் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுந்திருப்பார். சேமிப்பு வேண்டும், கோபத்தில் ராஜினாமா கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

மேனேஜரைப் பிடிக்காததை லட்சியம் என்று நினைப்பது

மேனேஜர் மாறினால் இருப்பீர்களா? இருப்பேன் என்றால் வேறு கம்பெனி பாருங்கள்.

விடுவதற்கு முன்னால் ‘ஒரு வீட்டை முடித்துவிடுவது’

மற்ற தவறுகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பார்க்கும்போது மட்டும் எரிச்சல் அடங்குவதில்லை. ஏனென்றால் நிதானமானவர்கள்தான் இதைச் செய்கிறார்கள், அதுவும் பெரியவர்கள் ஆசீர்வாதத்தோடு.

வழக்கமாக இப்படித்தான் நடக்கும். சென்னையில் 29 வயது ஐ.டி. ஊழியர். கையில் வரும் சம்பளம் 90,000. சிறுவர் கதைகளுக்குப் படம் வரைந்தே பிழைக்க வேண்டும் என்று ஆசை. வீட்டு வாடகை 16,000, மற்ற செலவு 30,000 போக மாதம் 44,000 மிஞ்சுகிறது. சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்ட 5,52,000 வேண்டும். அதைச் சேர்க்கப் பன்னிரண்டரை மாதம் போதும்.

இந்த இடத்தில் அம்மா சொல்வார்: “வேலையில இருக்கும்போதே ஒரு வீட்ட முடிச்சிடுப்பா. அப்புறம் எவன் லோன் குடுப்பான்?” அதில் பாதி உண்மை. சொந்தத் தொழில் என்றால் இரண்டு, மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் காட்டச் சொல்லி வங்கிகள் கேட்கும். பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது.

சம்பளச் சீட்டைப் பார்த்து, கையில் வருவதில் ஏறத்தாழப் பாதி வரை இ.எம்.ஐ.க்கு வங்கி ஒத்துக்கொள்கிறது. 63 லட்சத்துக்கு ஃபிளாட், 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். இ.எம்.ஐ. 43,391. மெயின்டனன்ஸ் 3,000. வாடகை மிச்சமானாலும், நேற்று வரை 46,000 ஆக இருந்த கட்டாயச் செலவு 76,391 ஆகிவிட்டது. மிச்சம் 13,609. இப்போது ஒரு வருஷம் ஓட்ட வேண்டிய தொகை 9 லட்சத்து 17 ஆயிரம். அதைச் சேர்க்க 67 மாதம், அதாவது ஐந்தரை வருஷத்துக்கும் மேல். இருந்த சேமிப்பு முன்பணத்துக்கும் பத்திரச் செலவுக்கும் போயிருக்கும். இதற்கு நடுவில் ஒரு கல்யாணச் செலவு, ஒரு ஸ்கூல் ஃபீஸ்கூட வராது என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.

‘லோன் கொஞ்சம் குறையட்டும், அப்புறம் விட்டுவிடுகிறேன்’ என்பது அடுத்த வசனம். வங்கி தரும் தவணை அட்டவணையில் முதல் வரியைப் படியுங்கள். கட்டிய 43,391-இல் 35,417 வட்டிக்குப் போகும். அசலில் கழிவது 7,974. அறுபது தவணை, 26 லட்சம் ரூபாய் கட்டிய பிறகும் சுமார் 44 லட்சம் பாக்கி நிற்கும். வட்டி ஏறினால் இன்னும் மோசம். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியபோது, பலருக்கு இ.எம்.ஐ. மாறவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிட்டார்கள். தவணைகளின் எண்ணிக்கை நீண்டுபோயிருந்தது.

இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு அளவுகோல். பிடித்த வேலையில் கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறைவாகப் பணம் வந்த மாதம் எது என்று பாருங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இ.எம்.ஐ. போகக் கூடாது. அந்தத் தொகைக்கு வீடே கிடைக்காது என்பீர்கள். கிடைக்காதுதான். வாடகை வீட்டில் இருங்கள்.

வாங்கியாயிற்று என்றால், போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். தனிநபருக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதிக் கேட்காவிட்டால் வங்கி பெரும்பாலும் தவணைக் காலத்தைத்தான் குறைக்கும். இ.எம்.ஐ.யைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆரம்பத்திலேயே 5 லட்சம் கட்டினால் மாதம் 4,339 குறையும். காலத்தைக் குறைத்தால்தான் வட்டி மிச்சம் என்று நண்பர்கள் மறிப்பார்கள். சம்பளத்திலேயே இருக்கப்போகிறவருக்கு அது சரியான யோசனைதான்.

ஒத்திகை இல்லாமல் பேப்பர் போடுவது (ராஜினாமா செய்வது)

சி.வி. ராமன் 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தார். ஆபீஸுக்கு முன்னும் பின்னும் பௌபஜாரில் இருந்த ஆய்வுக் கழகத்தில் வேலை பார்த்தார். அரசு வேலையை விட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனது 1917-இல். பத்து வருஷ ஒத்திகை!

உங்களுக்கு ஆறு மாதம் போதும். சொந்தக்காரர், நண்பர் அல்லாத மூன்று பேரிடமாவது காசு வாங்கி வேலை செய்யுங்கள். பில் அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 60 நாள், 90 நாள் இடைவெளி சாதாரணம். வரும்போதும் பெரும்பாலும் 10 சதவீதத்தை முன்கூட்டியே வரியாக (டி.டி.எஸ்.) பிடித்துக்கொண்டுதான் வரும். ஆகவே வேலையை விட்ட முதல் மூன்று மாத வருமானத்தைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

இந்த ஆறு மாதத்தில் சிலர், வாரம் இரண்டு சாயங்காலம் வரைந்தாலே மனசு நிறைகிறது என்று கண்டுபிடிப்பதும் உண்டு. அவர்கள் வேலையிலேயே இருக்கலாம். அதைக் கோழைத்தனம் என்று பேசுகிறவர்களுக்கு அரிசி விலை தெரியாது.

கம்பெனி மெடிக்ளெய்மை நம்பியிருப்பது

பொதுவாகக் கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். மறுநாள் போய்ச் சொந்த பாலிசி எடுத்தால், விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் பணம் வராது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காலம் சம்பளம் வரும்போதே ஓடி முடியட்டும். விட நினைக்கிற தேதிக்கு மூன்று வருஷம் முன்னாலேயே எடுங்கள். டேர்ம் இன்ஷூரன்ஸும், அதாவது இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசியும், சம்பளம் வரும்போதே எடுங்கள். அவர்களும் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

பி.எஃப். பணத்தை முதலாகப் போடுவது

வேண்டாம். ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி வேறு. வீட்டு நகைக்கும் இதே பதில்.

கிராஜுவிட்டி தேதியைப் பார்க்காதது

கம்பெனி தரும் இந்தப் பணிக்கொடை பொதுவாக ஐந்து வருஷ சர்வீஸ் முடிந்தால்தான் கிடைக்கும். ஐந்து வருஷம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு 1,15,385 ரூபாய். வீடு வாங்காத ஓவியருக்கு அது இரண்டரை மாதச் சாப்பாடும் வாடகையும்.

வீட்டில் கடைசியாகச் சொல்வது

பேப்பர் போட்டுவிட்டு வந்து ராத்திரி சாப்பிடும்போது சொன்னால் சண்டைதான் வரும். முன்னாலேயே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் காட்டுங்கள்: கையிருப்பு எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு, எந்த மாதம் வரை தாங்கும், எந்தத் தொகைக்கு இறங்கினால் திரும்ப வேலை தேடுவீர்கள். மனைவியோ கணவனோ கவனித்துப் படிப்பது கடைசி வரியைத்தான். அதில் மூன்று மாதச் செலவுக்குக் குறையாத தொகையை எழுதுங்கள். ரெஸ்யூமே அனுப்பி, இன்டர்வியூ முடிந்து, முதல் சம்பளம் கணக்கில் ஏற அவ்வளவு நாள் பிடிக்கும்.