நள்ளிரவில் பெருஞ்செய்தி: நிகழ்ச்சி நிரலை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ஒரு மணிக்கு மேல் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் விழித்திருப்பவர்கள் மிகச் சிலரே. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரோ இருவரோ, செய்திப் பிரிவில் நைட் ஷிப்ட் பார்க்கும் துணை ஆசிரியர் ஒருவர், உடன் ஒரு படத்தொகுப்பாளர், அவ்வளவுதான். விடியும் வரை ஓட வேண்டிய மறுஒளிபரப்புத் தொடர்கள், பழைய படம், விற்பனை நிகழ்ச்சிகள், அவற்றுக்கு இடையிடையே வரும் விளம்பரங்கள் அனைத்தும் முந்தைய மாலையிலேயே பிளேலிஸ்ட்டில் ஏற்றப்பட்டிருக்கும். ஆள் தொடாமலேயே ஓடுவதற்கென்று அமைக்கப்பட்ட அந்த வரிசைக்குள் பெருஞ்செய்தி ஒன்று வந்து விழும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன. சில ஆண்டுகள் அந்த அறையில் இரவுப் பணி பார்த்தவன் நான். செய்தி தெரியாததால் நேரும் தவறுகளைவிட, வரிசையில் ஏற்கெனவே காத்து நிற்பவற்றை மறந்துவிடுவதால் நேரும் தவறுகளே அதிகம் என்பது என் அனுபவம்.

ஓர் இரவு இரண்டே முக்கால் மணி இருக்கும். பயணிகள் விமானம் ஒன்று விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. உறுதிசெய்துகொண்டு சிவப்புப் பட்டையில் ஸ்க்ரோல் ஏற்றினோம். எழுத்துப் பிழை இல்லையே, இடத்தின் பெயர் சரிதானே என்று எல்லோருடைய கண்களும் திரையின் அடிப்பகுதியிலேயே இருந்தன. மேலே ஓடிக்கொண்டிருந்த படம் விளம்பர இடைவேளைக்குப் போனது. இரண்டாவது விளம்பரத்தில் மேகங்களைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம் எழும்பியது; சன்னலோரம் அமர்ந்திருந்த ஒரு குழந்தை சிரித்தபடி கையசைத்தது. அதற்குக் கீழே, மீட்புப் பணி தொடர்கிறது என்ற வரி ஓடிக்கொண்டிருந்தது. முப்பது விநாடிதான், நாங்கள் சுதாரிப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த விமானத்தில் உறவினரை ஏற்றிவிட்டு வந்து, உறக்கம் வராமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் அதைக் கண்டிருப்பாரோ என்ற எண்ணம் இன்றும் எனக்குள் வந்து போகிறது.

ஆகவே செய்தி உறுதியானவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பிளேலிஸ்ட்டைக் குறைந்தது அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னோக்கி ஓட்டிப் பார்ப்பதுதான். விபத்து என்றால் அது தொடர்பான விளம்பரங்களை நீக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் அதே போன்ற காட்சி வரப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் தொடருக்கான புரோமோக்களையும் சரிபார்க்க வேண்டும். புரோமோக்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விளம்பரத்துக்குப் பணம் உண்டு, கணக்கு உண்டு, கேட்பதற்கு ஆள் உண்டு. புரோமோவுக்கு அப்படி யாரும் இல்லாததால், துக்கச் செய்தி முடிந்த மறுகணமே துள்ளலான இசையோடு அது வந்து நிற்கும்.

இதற்கு அடுத்தபடியாக அடிக்கடி நேர்வது, பழைய செய்தியறிக்கை மீண்டும் ஓடிவிடுவது. பல செய்தி அலைவரிசைகள் நள்ளிரவு அறிக்கையைப் பதிவுசெய்து விடியும் வரை இரண்டு மூன்று முறை ஒளிபரப்புகின்றன. ஒரு மணிக்குப் பதினைந்து பேர் இறந்ததாகச் சொன்ன பதிவு, எண்ணிக்கை மாறிய பின்னர் மூன்று மணிக்கு அப்படியே ஓடும்; ஸ்க்ரோல் ஓர் எண்ணையும், வாசிப்பவர் வேறோர் எண்ணையும் சொல்வார்கள். பதிவில் ‘நேரலை’ என்ற முத்திரையும் பதிந்திருந்தால், பார்ப்பவர் எதை நம்புவது? பெருஞ்செய்தி வந்த இரவில் பதிவுகள் அனைத்தையும் வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, வாசிக்க ஆள் இல்லாவிட்டால் உறுதியான தகவல்களை மட்டும் எழுத்தில் காட்டுவதே மேல்.

வெவ்வேறு நேர மண்டலங்களுக்குச் சில மணி நேரம் தள்ளி ஒளிபரப்பும் நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். நிகழ்ச்சியோடு ஸ்க்ரோலும் சேர்ந்து பதிவாகிவிட்டால், மூன்று மணி நேரம் கழித்து வேறு பகுதியில் அதே பழைய வரி புதுச் செய்திபோல் ஓடும். நள்ளிரவு என்பதே எல்லோருக்கும் நள்ளிரவு அல்ல. 2011 மே 1 அன்று, ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்டதை அமெரிக்க அதிபர் ஒபாமா அறிவித்தபோது வாஷிங்டனில் இரவு 11.35 மணி, கலிபோர்னியாவில் 8.35, அதாவது குடும்பமே அமர்ந்து பார்க்கும் நேரம். இந்தியாவில் மறுநாள் காலை 9.05. அந்த உரை 10.30 மணிக்கு என்றுதான் முதலில் சொல்லப்பட்டிருந்தது. ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் உரைக்காகப் படத்தை நிறுத்துவதா, படத்துக்குத் திரும்பிவிட்டு மறுபடி நிறுத்துவதா என்ற கேள்வி இத்தகைய இரவுகளில் எப்போதும் எழும். ஒருமுறை நிறுத்தினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். மூன்று முறை போய் வந்தால் படமும் போகும், செய்தியும் மனத்தில் பதியாது.

நிரலை நிறுத்துவதற்கும் நிறுத்தாமல் இருப்பதற்கும் இடையில் பல படிகள் உள்ளன என்பதை மறப்பதும் தவறே. ஸ்க்ரோல் போடலாம், படத்தைச் சுருக்கிப் பக்கவாட்டில் செய்தியைக் காட்டலாம், இடைவேளையில் இரண்டு நிமிட அறிவிப்புத் தரலாம், அதற்குப் பின்னர் முழு நேரலைக்குப் போகலாம். தகவல் ஒரே ஒரு வரியாக இருக்கும்போது முழு நேரலைக்குப் போனால், மீதி ஐம்பத்தொன்பது நிமிடங்களை ஊகத்தைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கும்.

ஊகத்தின் விலை என்ன என்பதற்கு வரலாறு போதுமான சான்றுகளைத் தருகிறது. 2000 நவம்பர் 7 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில், புளோரிடா மாநிலத்தில் அல் கோர் வென்றதாக அமெரிக்க அலைவரிசைகள் மாலை எட்டு மணிக்குச் சற்று முன்னரே அறிவித்தன. இரவு பத்து மணியளவில் அதைத் திரும்பப் பெற்றன. அதிகாலை இரண்டேகால் மணியளவில், ஒன்று அறிவித்த சில நிமிடங்களுக்குள் மற்றவையும் தொடர்ந்து, ஜார்ஜ் புஷ் வென்றதாக அறிவித்தன. நான்கு மணியளவில் அதையும் திரும்பப் பெற்றன. இறுதியில் வித்தியாசம் வெறும் 537 வாக்குகள். பக்கத்து அலைவரிசை சொல்லிவிட்டதே என்ற பதற்றத்துக்கு அதிகாலையில்தான் வலிமை அதிகம். களைப்பும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

இறப்புச் செய்தியில் இந்தப் பதற்றம் இன்னும் கொடியது. 2016 டிசம்பர் 5 மாலையில், தமிழக முதல்வர் ஜெயலலிதா காலமாகிவிட்டதாகச் சில அலைவரிசைகள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டு, மருத்துவமனை மறுத்த பின்னர் மீண்டும் ஏற்றப்பட்டது. இரவு 11.30 மணிக்கு அவர் காலமானார் என்ற அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவுக்குப் பின்னரே வந்தது. எதிர்த்திசையிலும் தவறு நேரும். 1997 ஆகஸ்ட் 31 அன்று நள்ளிரவுக்குப் பின் பாரிஸில் நடந்த கார் விபத்தில் இளவரசி டயானாவுக்கு உயிருக்கு ஆபத்தில்லாத காயங்கள்தாம் என்று தொடக்கத் தகவல்கள் வந்தன. அதிகாலை நான்கு மணிக்கு அவர் இறந்தார். 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் பிணையாளிகளாகப் பிடிக்கப்பட்டிருந்த இஸ்ரேலிய அணியினர் அனைவரும் காப்பாற்றப்பட்டதாக இரவில் வந்த செய்தி, விடிவதற்குள் அனைவரும் கொல்லப்பட்டார்கள் என்று மாறியது. நல்ல செய்தி என்பதாலேயே சரிபார்ப்பதைத் தளர்த்திவிடக் கூடாது. கிடைத்த நம்பிக்கையைப் பறிகொடுப்பவர்களின் வேதனையைத் திருத்த அறிவிப்பால் ஆற்ற முடியாது.

மியூனிக் இன்னொரு பாடத்தையும் தந்தது. கூரைமேல் ஏறிய காவலர்களைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டிக்கொண்டிருந்ததால் அந்த மீட்பு முயற்சியே கைவிடப்பட்டது. அதற்கு 36 ஆண்டுகளுக்குப் பின்னர், 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தொடங்கிய தாக்குதலின்போது அதே தவறு மீண்டும் நடந்தது. கமாண்டோக்களின் நகர்வுகள் நேரலையில் போயின, தாக்கியவர்களை இயக்கியவர்கள் அதைப் பார்த்துத் தொலைபேசியில் தகவல் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் 2012இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேபிள் தொலைக்காட்சி விதிகள் 2015இல் திருத்தப்பட்டன. காட்சி கிடைக்கிறது என்பதற்காக நிரலை உடைத்துக் காட்டுவதற்கு முன், அதை இன்னும் யார் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பது உயிர் காக்கும் வேலை.

விடிந்த பிறகு வரும் தவறு வேறு வகையானது. இரவு முழுவதும் பார்த்தவர்களுக்கும், ஆறு மணிக்கு எழுந்து முதல்முறையாகத் தொலைக்காட்சியைப் போடுபவர்களுக்கும் ஒரே படத்துண்டைத் திரும்பத் திரும்பக் காட்டுவது சரியல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர், தாக்குதல் காட்சிகளைத் தொடர்ந்து காட்டுவதை அமெரிக்காவின் ஏபிசி செய்திப் பிரிவு நிறுத்தியது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குழந்தைகள் அது மீண்டும் நடப்பதாக எண்ணிவிடுவார்கள் என்ற கவலை அதற்குக் காரணம். இரவில் எடுத்த காட்சி என்றால் எடுத்த நேரத்தைத் திரையில் போட வேண்டும். காலை ஆறு மணிக்கு வருபவருக்கு, என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து இரண்டு நிமிடங்களில் சொல்லிவிட்டுப் புதிய தகவலுக்குப் போக வேண்டும்.

நிரல் மாறியதைத் திரையிலேயே சொல்லாமல் விடுவதும் உண்டு. மின்னணு நிகழ்ச்சி வழிகாட்டியில் பழைய பட்டியலே இருக்கும். பதிவுக் கருவியை வைத்துவிட்டுத் தூங்கியவருக்குப் பாதி விளையாட்டும் பாதி செய்தியும் கிடைக்கும். எந்த நிகழ்ச்சி எப்போது மீண்டும் வரும் என்ற ஒரு வரி போதும்.

கடைசியாக, பணி கைமாறும் நேரம். ஐந்தரை மணிக்கு வருபவர் களைப்பில்லாதவர். ஆனால் இரவு என்ன நடந்தது என்று அறியாதவர். எதை நீக்கினோம், எதைத் தள்ளிவைத்தோம், யார் சொல்லி நீக்கினோம், எந்த விளம்பரத்தை எத்தனை மணி வரை போடக் கூடாது என்பதை வாய்மொழியாகச் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அந்த விமான இரவில் நாங்கள் நீக்கிய விளம்பரம், காலை ஏழு மணிக்குப் புதிய பட்டியல் ஏறியபோது மீண்டும் உள்ளே வந்திருந்தது. அதன் பின்னர், நீக்கிய ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, கட்டுப்பாட்டு மேசையின் நடுத்திரைக்கு மேல் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம்.