மனம் பேசும்போது கவனித்திருப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ காலையிலிருந்து சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு, மதியத்துக்குள் பிடரியில் வலி பிடித்துக்கொள்கிறது. அந்த வலி உடம்பைச் சேர்ந்தது. அதன் பின்னாலேயே, 'இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் சுற்ற முடியும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது, அக்காவுக்கு வாய்த்ததுபோல் எனக்கும் ஓர் இடம் வாய்த்திருந்தால் இப்படி உட்கார வேண்டியிருக்குமா' என்று மனம் பேசத் தொடங்குகிறது. வலி பிடரியோடு நின்றுவிடும். இந்தப் பேச்சுக்கு எல்லை கிடையாது. புத்தரின் போதனைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயம், இதை இரண்டு அம்புகள் என்று சொல்கிறது: உடம்பில் தைக்கும் வலி முதல் அம்பு, அதை நினைத்து நினைத்து மனம் படும் பாடு இரண்டாவது. கீழே விவரிக்கும் தியானப் பயிற்சி முதல் அம்பைப் பிடுங்கித் தராது. பிடரி வலிக்கு ஓய்வும் வைத்தியமும்தான் வேண்டும். இரண்டாவது அம்பைத்தான் இதனால் மெல்லத் தளர்த்த முடியும்.

தொடக்கத்தில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். நம் பக்கத்து வெயிலில் எட்டு மணிக்கு மேல் கண்ணை மூடி உட்கார்ந்தால் வியர்வையைத்தான் கவனிக்க நேரும் என்பதால், விடியற்காலையில், வாசல் தெளிக்கும் நேரத்தை ஒட்டி அமர்வது நல்லது. தரையில் ஒரு பாய் விரித்தால் போதும். பத்தமடைக் கோரைப் பாய் வீட்டில் இருந்தால் உடம்புக்குக் குளிர்ச்சி, ஆனால் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த பட்டுப் பாயை இதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை. (மலாயாவில் மருத்துவராக இருந்து, பிறகு ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் அதே பத்தமடையில் 1887-இல் பிறந்தவர். தியானம் பழக வடக்கே போனால்தான் ஆகும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.) முழங்கால் வலி உள்ளவர்கள் பாதம் தரையில் படும்படி நாற்காலியில் அமரலாம், பலன் குறையாது. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைத்திருக்க வேண்டாம். கைப்பேசியில் நேரம் குறித்து, அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். தாமிரபரணிக் கரையில் பாபநாசத்துப் படித்துறையோ குறுக்குத்துறையோ வாய்த்தால் மகிழ்ச்சிதான். இடம் அமைந்த பிறகு பார்க்கலாம் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை.

அமர்ந்ததும் மூச்சைக் கவனியுங்கள். அதை நீட்டவோ அடக்கவோ வேண்டாம். இது பிராணாயாமம் அன்று. மூக்கு நுனியில் காற்று உள்ளே போகும் குளிர்ச்சியையும் வெளியே வரும் வெதுவெதுப்பையும் கவனிக்கலாம். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாதோ பரப்பிய முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பார்கள். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு அதுவே வசதி. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு மாதமாவது மாற்றாமல் இருங்கள்.

சில மூச்சுக்குள் மனம் வேறெங்கோ போய்விடும். பயிற்சியின் முக்கியமான இடம் இதுதான், பலர் 'எனக்குத் தியானம் வராது' என்று எழுந்துவிடுவதும் இங்கேதான். ஓர் உதாரணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, செவ்வாய்க்கிழமை கட்ட வேண்டிய குழுக் கடனின் தவணை நினைவுக்கு வருகிறது. தவணைக்குப் பணம் கேட்டால் மைத்துனர் தரமாட்டார் என்ற நினைப்பு அடுத்தது. அதிலிருந்து அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் நம்மைக் கவனிக்காமல் விட்டது. அங்கிருந்து, 'அன்றைக்கே முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டிருக்கணும்' என்று ஒரு வசனம். இப்போது நெஞ்சில் சூடு ஏறியிருக்கிறது, தாடை இறுகியிருக்கிறது. மைத்துனர் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். நாம் இருட்டில் பாயில் உட்கார்ந்து அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது ஒரு கணத்தில் தெரிகிறது அல்லவா, அந்தத் தெரிதலுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

தெரிந்ததும் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும், அவசரப்படாமல். வந்த எண்ணத்துக்கு மனத்துக்குள் ஒரு சின்னப் பெயர் கொடுங்கள்: 'நினைவு', 'கவலை', 'சண்டை', 'திட்டம்' என்று எது பொருந்துகிறதோ அது. சரியான பெயரா என்று ஆராய்ச்சி வேண்டாம். ஆராய்ந்தால் அதுவும் இன்னோர் எண்ணம். அடுத்ததாக, அந்த எண்ணம் உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். நெஞ்சின் சூடு எவ்வளவு அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுத்த மூச்சில் கூடுகிறதா குறைகிறதா? மைத்துனர் செய்தது சரியா தவறா என்ற விசாரணை மட்டும் கூடாது. அவர் செய்தது தவறாகவே இருக்கலாம். அந்த வழக்கைப் பகலில் நடத்திக்கொள்ளலாம். உடம்பில் இருப்பதைச் சில மூச்சுகள் கவனித்த பிறகு, மூக்கு நுனிக்கோ வயிற்றுக்கோ திரும்புங்கள். எண்ணம் மறுபடி வந்தால் மறுபடி பெயர், மறுபடி உடம்பு, மறுபடி மூச்சு. பத்து நிமிடத்தில் இருபது தடவை இப்படித் திரும்ப நேர்ந்தாலும் அன்றைய பயிற்சி கெட்டுப்போனதாகப் பொருளில்லை. திரும்புவதைத்தான் நாம் பழகிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணம் எந்தக் குரலில் பேசுகிறது என்று காது கொடுப்பதும் உதவும். புத்தகத் தமிழில் யாருக்கும் கவலை வருவதில்லை. 'ஊர்க்காரங்க மொகத்துல எப்படி முழிப்பேன்', 'ஒனக்கு எதுவும் துப்பில்லலா' என்று நம் வீட்டுப் பேச்சில்தான் வரும். சில சமயம் காலமான அப்பாவின் குரலிலோ மாமியாரின் குரலிலோகூட வரும். குரல் யாருடையது என்று அடையாளம் தெரிந்த உடனே, அது தீர்ப்பு என்ற நிலையிலிருந்து இறங்கி, என்றோ கேட்ட ஒரு பேச்சாகிவிடுவதைப் பலர் உணர்ந்திருக்கிறார்கள்.

சில எண்ணங்கள் உண்மையிலேயே வேலை சொல்ல வந்தவை. தவணை செவ்வாய்க்கிழமைதான் என்றால் பணத்துக்கு வழி பார்க்கத்தான் வேண்டும். எழுந்ததும் ஒரு தாளில் 'தவணை' என்று எழுதி, அன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் செய்துவிடுங்கள். கடனையும் அடி உதையையும் கூலிக் குறைவையும் 'வெறும் எண்ணம்' என்று தள்ளிவிடச் சொல்லும் தியானம் எனக்கு உடன்பாடில்லை.

உடல்வலிக்கும் இதே முறைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-சின் 1979-இல் தொடங்கிய தியானப் பயிற்சிக்கு முதலில் வந்தவர்களில், மருந்தால் தீராத நாள்பட்ட வலியோடு இருந்தவர்கள் பலர். வலி என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, அது இழுக்கிறதா, எரிகிறதா, குத்துகிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். 'எனக்கு மட்டும் ஏன்' என்பது குறுக்கிட்டால் அதற்குத் தனியாகப் பெயர் கொடுங்கள். புதிதாக வந்த வலியை, முக்கியமாக நெஞ்சு வலியை, உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துக்கம் இவற்றிலிருந்து வேறுபட்டது. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாம் போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்து வீடு வெறிச்சோடும்போது, 'முந்தின நாளே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்' என்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மறுத்து வாதாடினால் அது இன்னும் பத்துச் சான்றுகளோடு வரும். 'இருந்திருந்தால்' என்று மட்டும் பெயரிட்டுவிட்டு, தொண்டை அடைப்பதைக் கவனியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதுவும் மூச்சோடு சேர்ந்து எழுந்து தணியும். பிரிவின் வேதனையை இந்தப் பயிற்சியால் கழுவிவிட முடியாது, கழுவிவிடவும் வேண்டாம். நம்மை நாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அந்தப் பேச்சுக்கு மட்டும் பிடி கொடுக்காமல் இருந்தால் போதும்.

இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகு வேலையிலும் செய்து பார்க்கலாம். பீடி சுற்றுகிறவர்கள் இலையை வெட்டுவது, தூளை வைப்பது, சுருட்டுவது, நுனியை மடக்குவது, நூல் கட்டுவது என்று விரல் செய்வதைச் சில நிமிடம் முழுதாகக் கவனித்து, மனம் ஓடும்போது விரலுக்குத் திரும்பலாம். அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் காதைப் பிளந்தால், சத்தத்தைச் சத்தமாகவும், 'இவனுகளுக்கு அறிவில்ல' என்பதை எண்ணமாகவும் பிரித்துக் கேட்டுப் பழகுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது.

எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் இது பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. கண்ணை மூடியதும் பழைய கொடுமையோ விபத்தோ கண்முன் திரும்ப நடப்பதுபோல் வந்தால், கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள், எழுந்து நடங்கள், இனித் தனியாக அமராமல் மனநல மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். இல்லாத குரல்கள் கேட்கிறவர்களும், தற்போது கடும் மனச்சோர்வில் இருப்பவர்களும் அப்படியே. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தைத் தனியே உட்கார்ந்து கவனிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். தியானம் செய்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாமில் கட்டணம் இல்லை, பேச்சும் இல்லை. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் உண்டு. வீட்டில் சில மாதம் அமர்ந்து பழகியவர்கள் அங்கே போவதே நல்லது. துக்கம் நடந்த கையோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்னேற்றத்தை அமைதியை வைத்து அளக்காதீர்கள். அது சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. முன்பெல்லாம் கல்யாணப் பந்தி வரைக்கும் போய் நெஞ்சு கொதித்த பிறகுதான் தெரிந்தது என்றால், இப்போது மைத்துனர் பெயர் வரும்போதே தெரிகிறதா என்று பாருங்கள். காய்ச்சல், ஊர்ப் பயணம், வீட்டு விசேஷம் என்று சில நாள் விட்டுப்போகும். அதற்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு அமர வேண்டியதில்லை, வழக்கமான பத்து நிமிடத்தையே அமருங்கள்.