'சடன்லி' மட்டும் போதாது: திடீர்ப் பாய்ச்சல்களுக்கு ஏற்ற ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறை

குழாயைத் திறந்ததும் தண்ணீர் குபுக்கென்று வந்தது, வகுப்பே கொல்லென்று சிரித்தது, வெங்காய விலை கிடுகிடுவென ஏறியது என்றெல்லாம் தமிழில் சொல்லும்போது, நிகழ்வின் வேகமும் திடீர்த்தன்மையும் அந்த ஒலிக்குறிப்புச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல் செய்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் எழுதத் தொடங்கும் ஒருவர், மூன்று இடங்களிலும் 'சடன்லி' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார். வாக்கியத்தில் பிழை இருக்காது. ஆனால் வந்தது எவ்வளவு, எந்த வடிவில் வந்தது, உடனே நின்றதா என்பவற்றில் ஒன்றும் வாசிப்பவருக்குத் தெரியாது. தமிழில் நாம் இயல்பாகவே காட்டும் இந்த நுணுக்கத்தை ஆங்கிலத்திலும் காட்ட முடியும் என்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: தமிழ் வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்

சொல்ல வந்ததைத் தமிழில் எழுதி, அதிலுள்ள 'என்று' அல்லது 'என' என முடியும் ஒலிக்குறிப்பின் கீழ் ஒரு கோடு இடுங்கள். பாய்ந்தது நீரா, காற்றா, எண்ணிக்கையா, மனிதரின் செயலா என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகள் அனைத்தும் இந்தக் குறிப்பையே சார்ந்திருக்கின்றன.

படி 2: பாய்ந்தது நீர் என்றால், அதன் பருமனையும் நின்ற விதத்தையும் பாருங்கள்

பீய்ச்சியடித்து உடனே அடங்குவது 'ஸ்பர்ட்'. தமனி அறுபட்டால் இதயத் துடிப்புக்கு ஏற்ப விட்டுவிட்டு ரத்தம் பீறிடுகிறதல்லவா, அதற்கு மிகப் பொருத்தமான சொல் இதுதான். பதின்பருவத்தில் பிள்ளைகள் மளமளவென உயரமாவதைக் 'குரோத் ஸ்பர்ட்' என்று சொல்வதும் இதன் நீட்சியே. வளர்ச்சி சில காலம் விரைந்து பிறகு மெதுவாகிறது. எலுமிச்சையைப் பிழியும்போது கண்ணில் தெறிக்கும் மெல்லிய சாறு 'ஸ்குவர்ட்'. ஒடுங்கிய துளையின் வழியே அழுத்தத்துடன் நேராகப் பாய்வது 'ஜெட்'. ஆனால் ஜெட் சட்டென நின்றுவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தீயணைப்பு வீரரின் குழாயிலிருந்து அது மணிக்கணக்கிலும் பாயலாம்.

'கஷ்' என்ற சொல்லில்தான் தொடக்க நிலையினர் அதிகம் தடுமாறுகிறார்கள். அது கொட்டும் அளவைக் குறிக்கும் சொல், நேரத்தைக் குறிப்பதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் போமான்ட் நகருக்கு அருகிலுள்ள ஸ்பிண்டில்டாப் என்னுமிடத்தில், 1901 ஜனவரி 10 அன்று, தோண்டிக்கொண்டிருந்த கிணற்றிலிருந்து எண்ணெய் 100 அடிக்கும் மேலாகப் பீறிட்டு எழுந்தது. அதை அடக்கி மூடுவதற்கு 9 நாட்கள் ஆயின. அத்தகைய கிணற்றுக்கு ஆங்கிலத்தில் 'கஷர்' என்றே பெயர். ஒன்பது நாள் கொட்டியதை எவரும் ஸ்பர்ட் என்று சொல்லமாட்டார்கள். நம் குளியலறையில் இருக்கும் கீசரின் பெயரும் இதே பொருளில் பிறந்ததுதான்: ஐஸ்லாந்திலுள்ள ஒரு வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த அச்சொல்லுக்கு வேராக இருப்பது, பீறிட்டுப் பாய்தலைக் குறிக்கும், ஸ்காண்டிநேவியாவின் பண்டைய மொழியான பழைய நார்ஸின் வினைச்சொல்.

படி 3: காற்று என்றால், நொடிகளை எண்ணுங்கள்

'கஸ்ட்' என்பது ஒரே வீச்சாக வந்து ஓயும் காற்று. வானிலை அளவீட்டில் அதன் வேகத்தை வழக்கமாக 3 நொடிச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். 'ஸ்குவால்' என்று சொல்ல வேண்டுமானால், திடீரென வலுத்த காற்று குறைந்தது ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். மீனவர்களுக்கான எச்சரிக்கைகளில் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்று படித்திருப்பீர்கள். அந்த 'இடையிடையே' என்ற சொல், ஆங்கில அறிக்கையில் 'கஸ்டிங் டு' என்று இருப்பதன் தமிழ் வடிவம். எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான மொழிபெயர்ப்புகளுள் இதுவும் ஒன்று. சிரிப்பொலி அலையலையாக வந்து ஓய்வதற்கும் கஸ்ட் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்.

படி 4: எண்ணிக்கை என்றால், ஏறியதா, அடுக்கடுக்காக வந்ததா என்று கேளுங்கள்

'சர்ஜ்' என்பது எழுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே மட்டம் உயரும் இடத்தில் மட்டுமே அது பொருந்தும். புயலின்போது கடல்மட்டம் உயர்வது 'ஸ்டார்ம் சர்ஜ்'. மின்னழுத்தம் கணநேரம் எகிறுவது 'பவர் சர்ஜ்'. முன்னது மணிக்கணக்கில் நீடிக்கலாம், பின்னது கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஏற்றமே. விலை, தேவை போன்று எண்ணக்கூடியவற்றுக்குச் 'சர்ஜ் இன்' என்றும், கோபம், பெருமிதம் போன்ற உணர்ச்சிகளுக்குச் 'சர்ஜ் ஆஃப்' என்றும் எழுதுவது வழக்கம்.

'ஸ்பேட்' ஸ்காட்லாந்தின் ஆறுகளிலிருந்து வந்த சொல். ஆறு கரைபுரண்டு ஓடுவதை இன்றும் 'இன் ஸ்பேட்' என்கிறார்கள். அங்கிருந்து அது குறுகிய காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்பவற்றைக் குறிக்கத் தொடங்கியது. பெரும்பாலும் திருட்டு, விபத்து, தற்கொலை போன்ற விரும்பத்தகாதவற்றுடனேயே இது வரும். பாராட்டுகள் குவிந்தன என்று எழுத நினைக்கும்போது இச்சொல்லைத் தவிர்ப்பது நல்லது. ஒரே ஒரு விபத்தை ஸ்பேட் என்று சொல்லவும் இயலாது.

படி 5: மனிதரின் செயல் என்றால்

உள்ளே அடைபட்டிருந்தது உடைத்துக்கொண்டு வெளிவந்தால் அது 'பர்ஸ்ட்'. கைதட்டல், சிரிப்பு, ஓட்டத்தின் கடைசிக் கட்ட வேகம், துப்பாக்கிச் சூடு ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். வினையாக எழுதும்போது மட்டும் கவனம் தேவை. 'பர்ஸ்ட் இன்டூ' என்பதன் பின் பெயர்ச்சொல் வரும், 'பர்ஸ்ட் இன்டூ டியர்ஸ்' என்பதைப் போல. 'பர்ஸ்ட் அவுட்' என்பதன் பின் 'இங்' விகுதி பெற்ற சொல் வரும், 'பர்ஸ்ட் அவுட் லாஃபிங்' என்பதைப் போல. இறந்தகாலத்திலும் அது பர்ஸ்ட்தான். 'பர்ஸ்டட்' என்று எழுதக் கூடாது.

சிறுசிறு செயல்கள் ஒரே நேரத்தில் பரபரவென நடந்தால் 'ஃப்ளரி'. இலேசாகத் தூவிவிட்டுப் போகும் பனிக்கும் இதுவே பெயர் என்பதை நினைவில் வைத்தால், தொலைபேசி அழைப்புகளும் மின்னஞ்சல்களும் எங்கிருந்தெல்லாமோ வந்து விழுவதற்கு இச்சொல் ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும்.

இருமல், கோபம், சிரிப்பு ஆகியவை அடக்க முடியாமல் வந்தால் 'ஃபிட்'. தமிழ்ப் பேச்சில் ஃபிட்ஸ் என்றால் வலிப்பு மட்டுமே என்பதால் பலர் இதை எழுதத் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. காய்ச்சல் போன்ற நோய் சில நாட்கள் வந்து படுத்தினால் 'பவுட்'.

படி 6: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

எழுதிய வாக்கியத்தில் தேர்ந்தெடுத்த சொல்லை நீக்கிவிட்டு, அதே பிரிவிலுள்ள மற்றொன்றைப் போட்டுப் படியுங்கள். பொருள் மாறாமல் இருந்தால் நீங்கள் இன்னும் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். பயிற்சிக்கு ஒன்று: 'முடிவுகள் வெளியான அரை மணி நேரத்தில் அலுவலகத்துக்கு அழைப்புகள் சரமாரியாக வந்தன.' அழைப்புகள் வந்த பரபரப்பைச் சொல்ல நினைத்தால் ஃப்ளரி. வழக்கமான எண்ணிக்கையைவிட எவ்வளவு கூடின என்பதைச் சொல்ல நினைத்தால் சர்ஜ். அத்தனையும் புகார்கள் என்றால் ஸ்பேட்.