சுவரை ஆங்கிலத்தில் விவரிக்கும் முறை

சுவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மை முதலில் இடறச் செய்வது வேற்றுமை உருபே ஆகும். சுவரில் படம் மாட்டுகிறோம், சுவரில் விரிசல் விழுகிறது, சுவரில் சாய்கிறோம். மூன்றுக்கும் நமக்கு ‘இல்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் படம் மேற்பரப்பில் தொங்குவதால் ‘ஆன் த வால்’ என்றும், விரிசலும் ஓட்டையும் சுவருக்குள்ளேயே இருப்பதால் ‘இன் த வால்’ என்றும், சாயும்போது ‘அகேன்ஸ்ட் த வால்’ என்றும் பிரித்து எழுத வேண்டும். மதில்மேல் பூனையாக இருப்பவரை மட்டும் ஆங்கிலேயர் சுவரில் ஏற்றுவதில்லை. ‘சிட்டிங் ஆன் த ஃபென்ஸ்’ என்று வேலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

உயரத்தைச் சொல்ல ‘டால்’ என்பதைவிட ‘ஹை வால்’ என்பதே இயல்பானது, ஏனெனில் ‘டால்’ பெரும்பாலும் மனிதர், மரம், கோபுரம் போல அகலம் குறைந்து நெடிதுயர்ந்தவற்றுக்கு வரும். அளவைச் சேர்த்தால், பெயருக்கு முன் ‘எ சிக்ஸ்-ஃபுட் வால்’ என ஒருமையிலும், பெயருக்குப் பின் ‘த வால் இஸ் சிக்ஸ் ஃபீட் ஹை’ எனப் பன்மையிலும் எழுத வேண்டும். சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதைக் குறிக்கும் சொல், தமிழில் ‘உயரமான கருங்கல் மதில்’ என்பதைப் போலவே, பெயரை ஒட்டியே நிற்கும்: ‘எ ஹை ஸ்டோன் வால்’.

மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவர் ‘டேம்ப் வால்’ ஆகும்; ‘வெட் வால்’ என்றால் இப்போதுதான் தண்ணீர் பட்டது போலத் தோன்றும். படமோ அலங்காரமோ இல்லாத சுவரை ‘பேர் வால்’ என்றும், பூசாமல் விட்ட செங்கல் சுவரை ‘பேர் பிரிக் வால்’ என்றும் சொல்லலாம். ‘பிளாங்க் வால்’ என்பது சன்னலோ எழுத்தோ எதுவுமின்றிக் கண்ணுக்குப் பிடிப்பே தராத வெற்றுப் பரப்பு. பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கும் அளவுக்கு மெலிந்தவை ‘பேப்பர்-தின் வால்ஸ்’. இடிந்துகொண்டே நிற்கும் குட்டிச்சுவருக்கு ‘கிரம்ப்ளிங் வால்’ பொருந்தும்.

வினைச்சொற்களில் குழப்பம் குறைவு. சுவர் எழுப்புவதற்கு ‘பில்ட்’ அல்லது ‘புட் அப்’, இடிப்பதற்கு ‘நாக் டவுன்’ போதும். வீட்டைத் திருத்தும்போது மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கும் ‘லோடு-பேரிங் வால்’ எது, வெறும் தடுப்பாக நிற்கும் ‘பார்ட்டிஷன் வால்’ எது என்று தெரிந்துகொண்ட பிறகே அந்த வினையைப் பயன்படுத்துவது நல்லது.

நாம் நாள்தோறும் சொல்லும் ‘காம்பவுண்டு வால்’ இந்திய ஆங்கிலத்தில் முற்றிலும் சரியானதே. ஆனால் பிரிட்டனில் உள்ளவருக்கு எழுதும்போது ‘பவுண்டரி வால்’ அல்லது ‘கார்டன் வால்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவரை அங்கே ‘பார்ட்டி வால்’ என்பார்கள். விருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அத்தகைய சுவர்களுக்கென்றே 1996இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது.