சிங்கப்பூர் வந்தா வரி நம்பர் எங்க வாங்கணும்?

போன வாரம் தேக்கால (லிட்டில் இந்தியா) டீ குடிச்சிட்டு இருக்கப்போ சித்தப்பா பையன் கேட்டான், "அண்ணே, ஊர்ல பேன் கார்டு எடுக்குற மாதிரி இங்க எங்க போய் எடுக்கணும்?" அவன் போன்ல தெறந்து வச்சிருந்த ஐபிஏ லெட்டர்லயே, அதாவது வேலை பாஸுக்கு மொதல்ல ஓகே சொல்லி வர்ற லெட்டர்லயே, அந்த நம்பர் இருந்துச்சு, நான் விரல் வச்சு காட்டினேன். இது தெரியாம யார்கிட்டயும் காசு குடுத்துறாதீங்க.

இங்க அடையாள நம்பரும் வரி நம்பரும் ஒண்ணுதான், பேரு ஃபின், வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்குற அடையாள நம்பர். மொத ஒரு எழுத்து, அப்புறம் 7 இலக்கம், கடைசில ஒரு எழுத்து. 2022 ஜனவரி 1லேர்ந்து புதுசா குடுக்குறது எம்ல ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு எஃப் இல்லன்னா ஜி, அது அப்படியே இருக்கும். தனி ஃபார்ம் ஒண்ணும் கிடையாது, கம்பெனி எம்ஓஎம்ல (மனிதவள அமைச்சு) வேலை பாஸ் போடும்போதே சேந்து வந்துடும். டிபென்டன்ட் பாஸ்ல (குடும்பத்துக்கான பாஸ்) வர்ற வீட்டுக்காரம்மா, பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு.

லெட்டர் வந்ததும் பேரைத்தான் மொதல்ல பாக்கணும். நம்மாளுங்களுக்கு இனிஷியல்தான் தொல்லை, பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு இருக்கும், சர்டிபிகேட்ல ஒத்தை எழுத்தா இருக்கும். பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு பாத்து, இல்லன்னா கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடியே எச்ஆர் கிட்ட சொல்லிடுங்க, விட்டா பேங்க்லேர்ந்து சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் சேவைக்கான லாகின்) வரைக்கும் அதே தப்பு கூடவே வரும்.

பாஸ் இஷ்யூ ஆனதும், கைரேகை குடுக்கச் சொல்லி லெட்டர்ல இருந்தா போய் குடுத்துட்டு வாங்க, கார்டு வந்ததும் சிங்பாஸ் போட்டுக்கங்க. ஐராஸ் (வரி ஆபீஸ்) போர்ட்டல்ல நுழைய அதுதான் சாவி. போன வருஷ சம்பளத்துக்கு மார்ச் 1லேர்ந்து ஏப்ரல் 18குள்ள ஃபைல் பண்ணணும், 5 பேரோ அதுக்கு மேலயோ உள்ள கம்பெனின்னா சம்பள விவரத்தை அவங்களே அனுப்பிடுவாங்க, சரியான்னு பாத்தா போதும். வருஷத்துல 183 நாள் இருந்தா வரிக்கு ரெசிடென்ட் கணக்கு, மொத 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு வரி இல்ல.

ஊர் பேங்க் ஃபார்ம்லதான் நிறைய பேரு சறுக்குறாங்க. வரி கட்டுற நாடு, டின் நம்பர் (வரி நம்பர்)னு கேப்பாங்க, நானும் பேன் நம்பரை எழுதிக் குடுத்து ஃபார்ம் திரும்பி வந்துச்சு. நாடு சிங்கப்பூர்னு போட்டா டின் இடத்துல ஃபின்னைத்தான் எழுதணும், பேனுக்கு வேற கட்டம் இருக்கும்.

வேலைய விடுறப்போ ஐஆர் 21னு ஒரு வரி ஃபார்ம் இருக்கு. கம்பெனி ஒரு மாசம் முன்னாடியே ஐராஸுக்கு சொல்லி, வரி கணக்கு முடியிற வரைக்கும் உங்க கடைசி சம்பளத்தை பிடிச்சு வச்சிருப்பாங்க, அதனால அந்தக் காசை நம்பி டிக்கெட், சீட்டு, ஊர்ல வட்டின்னு எதையும் ஏத்துக்காதீங்க.

பிஆர் (நிரந்தரவாசம்) கிடைச்சா என்ஆர்ஐசின்னு (இங்கத்த அடையாள அட்டை) வேற நம்பர் வரும், அன்னைக்கே எச்ஆர்லயும் ரெண்டு ஊர் பேங்க்லயும் மாத்திடுங்க.