கழற்றிய பேடைக் குப்பையில் போடாதீர்கள்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் நம்ம ஷெட். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாலக்காடு, சித்தூர்ப் பக்கத்துப் பையன்கள் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போகும்போது இங்கே ஒரு டீக்கு நிறுத்துவார்கள். சாயங்காலம் அதே ஆட்கள் வேறு முகத்தோடு வருவார்கள். "சேட்டா, பிரேக் போயி. நல்ல பேட் ஏதா?"

எது நல்ல பேட் என்று கேட்கிறார்கள். பேட் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை. பதிலுக்கு நான் கேட்பது, கழற்றிய பேட் எங்கே என்றுதான். பாதிப் பேர் டிராக்கிலேயே வீசிவிட்டு வந்திருப்பார்கள். ஜாதகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொருத்தம் பார்க்க வந்தால் நான் என்ன சொல்வது?

பேட் கிடைக்காவிட்டாலும் கால் சொல்லும். பெடல் கல் மாதிரி நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தாங்கவேண்டிய சூட்டைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரைக்குப் போனால் பேட் மேல் தப்பில்லை, பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் காசைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். என் பழைய ஸ்விஃப்டுக்கு விலை கூடிய பேட் வாங்கி மாட்டினேன். மூன்றாவது சுற்றில் பெடல் தரையில் போய் உட்கார்ந்தது, வண்டி மண்ணில் போய் நின்றது. உள்ளே இருந்தது இரண்டு வருடத்துப் பழைய ஆயில்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரகத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கலாம். டாட் 5.1-க்கு இந்தக் கணக்கு 260, 180. எங்கள் ஊர்ப் பக்கம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சுவரே வியர்க்கும், ஷெட்டில் திறந்து வைத்த டப்பா ஆயிலின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. டிராக்குக்குப் போவதற்கு முந்தின வாரம் புது டப்பா உடைத்து ஆயிலை மாற்றி, நாலு சக்கரத்துப் பிரேக்கிலும் ஆயிலுக்குள் சிக்கிய ஏரை எடுத்துவிடுங்கள். டாட் 5 என்பது வேறு ஜாதி, சிலிக்கான் ஆயில். அதை இதோடு கலக்கக் கூடாது.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு. 1100 கிலோ வண்டியை ஒரு தடவை 140-லிருந்து 60-க்கு இறக்கினால் வெளியேறும் சக்தி, இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையும் நாலைந்து நொடிக்குள் பிரேக்கில் இறங்குகிறது, பெரும்பங்கு முன் சக்கரத்தில். வால்பாறை மலைப்பாதையில் ஆழியாருக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கினாலும் இரண்டாவது கியரில் எஞ்சின் பாதியைத் தாங்கிக்கொள்ளும். டிராக்கில் அதற்கு நேரம் கிடையாது. கரி டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் ஆற வழியில்லை.

இனி பேடைப் படிப்போம். வெர்னியர் வைத்து உள்பேட், வெளிபேட் இரண்டையும் அளந்து எழுதுங்கள். உள்பேட் மட்டும் நிறையத் தேய்ந்திருந்தால், பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர உதவும் சிலைடர் பின் இறுகியிருக்கலாம், இல்லையென்றால் பேடைத் தள்ளும் பிஸ்டன் சரியாகத் திரும்பவில்லை. புது பேட் போட்டாலும் அதே கதிதான். பின்னைக் கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் போட்டால் சரியாகும். கடையில் பேட் கேட்டு நிற்பவர்களில் பலருக்கு வேண்டியது இந்தக் கிரீஸ்தான்.

பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பேட் வெந்திருக்கிறது, அல்லது புதுசில் சூடேற்றி ஆறவிட்டுச் சரியாகப் பழக்கப்படவில்லை. ஓரம் பொரிந்து சில்லுச் சில்லாக உதிர்ந்தாலோ, ஓரத்தில் சாம்பல் நிறம் ஏறியிருந்தாலோ அந்த ரகம் உங்கள் ஓட்டத்துக்கு ஆகாது. அங்கேதான் ரகம் மாற்றவேண்டும். எல்லாப் பக்கமும் சமமாக, நிதானமாகத் தேய்ந்திருந்தால் அதையே திரும்ப வாங்குங்கள். அதைவிட நல்ல பேட் எந்தக் கடையிலும் இல்லை.

ரோட்டுக்கு 3 மி.மீ. வரை ஓட்டலாம் என்பார்கள். டிராக்குக்கு அந்தக் கணக்கு ஆகாது. பேடின் கனம்தான் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சூடு போகாமல் தடுக்கும் சுவர். மெலிந்த பேட் வேகமாகத் தேயும், ஆயிலையும் கொதிக்க வைக்கும். என் வண்டியில் புதுசு 10 மி.மீ. காலையில் பாதிக்குக் கீழே இருந்தால் அதோடு டிராக்கில் இறங்க மாட்டேன்.

வாங்கும்போது பேட் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும், எஃப்எஃப், ஜிஜி என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிமானம், இரண்டாவது அதிகச் சூட்டில். ஜி என்றால் எஃப்-ஐவிடப் பிடி அதிகம். ஆனால் அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடும், டிராக்கில் கதை தொடங்குவதே அதற்கு மேல்தான். அதனால் டிஸ்க் ஓரத்தில், சூட்டைக் காட்டும் மூன்று நிற பெயிண்ட் பூசுங்கள். பச்சை 430-லும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான ரகம் போதும். நம்ம பக்கத்து போலோ, ஸ்விஃப்டுகளுக்குப் பெரும்பாலும் அதுதான் சரி. சிவப்பும் மாறினால் மட்டும் முழு ரேஸ் பேடை யோசியுங்கள்.

முழு ரேஸ் பேடைப் பெருமைக்காக வாங்காதீர்கள். சூடாகாமல் அது பிடிக்காது. காலைப் பனியில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் மிதித்துப் பார்த்தால் தெரியும், லாரிக்குப் பின்னால் பிள்ளையாரைத்தான் கூப்பிடவேண்டும். கத்தும், டிஸ்க்கையும் தின்னும். ரோட்டு டயர் போட்ட வண்டியில் அந்தப் பிடியைத் தாங்க டயருக்குத் தெம்பும் இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்தான் முதலில் வேலை செய்யும்.

புது பேடைப் பழக்க, டிராக்கில் முதல் ஓட்டத்தையே அதற்கென்று ஒதுக்குங்கள். 100-லிருந்து 30-க்கு எட்டுப் பத்து முறை இறக்குங்கள், முழுசாக நிறுத்தவேண்டாம். பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டில் வந்து நின்றதும் பெடலில் கால் வைக்காதீர்கள், கை பிரேக்கும் இழுக்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல். சூட்டோடு பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டீயரிங் உதறும்போது டிஸ்க் வளைந்துவிட்டது என்று லேத்துக்கு ஓடுவார்கள். வளைந்தது ரொம்ப அபூர்வம், ஒட்டியதுதான் நிறைய.

டிஸ்க்கில் முடி மாதிரிக் கீறல் இருக்கலாம். நகம் மாட்டினாலோ, கீறல் ஓரம்வரை ஓடினாலோ தூக்கிப் போடுங்கள். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனாலும் அதே முடிவுதான்.

டிராக் பேடைக் கழற்றி ரோட்டு பேடோடு வீடு திரும்புபவர்கள் முடிந்தால் டிஸ்க்கையும் தனி ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட் விட்ட படிவத்தின் மேல் வேறு ரகம் சரியாக உட்காராது. கழற்றிய ஒவ்வொரு பேடின் முதுகிலும் இடம், வலம், உள், வெளி, தேதி, மி.மீ. எல்லாம் மார்க்கரில் எழுதி ஒரு பையில் போடுங்கள். அடுத்த ஞாயிறு டீக்கு வரும்போது அந்தப் பையையும் எடுத்து வாருங்கள்.